லெப்டினன்டின் லீவு

விண்ணரசி எழுதும் கதைகளில் வருகிற பேய்க்கு ஒரு சட்டம் உண்டு. காவிரியில் தண்ணீர் ஓடும்போதுதான் அதற்கு உடம்பு வரும். தண்ணீர் வடிந்தால் உடம்பும் போய்விடும். அப்புறம் அடுத்த ஆடிவரை அமுதவல்லி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பேய் என்றதும் தலைவிரி கோலம், வெள்ளைப் புடவை என்று நினைத்துவிடாதீர்கள். இது துரைப் பேய். லெப்டினன்ட் எட்மண்ட் என்று பேர். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினைந்தில் வல்லத்துத் துரை பங்களாவில் ஒரு நடன விருந்து. வெள்ளைக்காரர்களுக்குப் பேச்சை மாற்றிச் சொல்லும் துபாஷின் மகள் அமுதவல்லி. அவள் கை விசிறி கீழே விழ, அதை எடுத்துக் கொடுத்த எட்மண்ட், அவள் விரலைத் தொட்டான். தொட்டது அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலையில் காவிரியைக் கடக்கும்போது குதிரையோடு வெள்ளத்தில் போனான். போனவன் சும்மா போனானா? அடுத்த ஆடியில் ஈரக் கோட்டோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கதவு திறந்திருந்தாலும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். அப்படிப்பட்ட மரியாதைக்காரன்.

சென்னையிலிருந்து மாத நாவல் போடும் லியாகத் அலி அவனை நீலக் கண்ணும் சிவப்புக் கோட்டுமாக அட்டையில் அச்சடித்துத் தள்ளினார். மயிலாடுதுறையிலிருந்து பட்டுக்கோட்டைவரை பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் க்ளிப் மாட்டித் தொங்கினான். சும்மா சொல்லக்கூடாது, பெண்கள் அவனுக்காக உயிரை விட்டார்கள்.

இத்தனைக்கும் விண்ணரசி தஞ்சாவூர் மானம்புச்சாவடியை விட்டுத் தாண்டியது வேளாங்கண்ணிக்கும் சென்னைக்கும்தான். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாடகைக்குப் புத்தகம் தரும் கடை ஒன்று இருந்தது. அங்கே அட்டை கிழிந்த இங்கிலீஷ் காதல் கதைகள் மூலையில் குவிந்து கிடக்கும். கான்வென்டில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவற்றைக் கரைத்துக் குடித்தாள். கோச் வண்டி, கையுறை, மஸ்லின் கவுன், கூடவே வரும் கடுகடுத்த அத்தை எல்லாம் அங்கே கிடைத்தன. நடன விருந்து மட்டும் பிடிபடவில்லை. அதற்கென்ன, மாதா கோயில் ஹாலில் நடக்கும் கல்யாண ரிசப்ஷனை அப்படியே தூக்கி வல்லத்தில் வைத்தாள். கேக், பேண்டு வாத்தியம், ஓரமாக நின்று குறை சொல்லும் சொந்தக்காரர்கள், எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது.

யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் ஒருமுறை வந்து கேட்டாள், "ஏன் மேடம் இருநூறு வருஷத்துக்கு முந்தின காலம்?"

"அந்தக் காலத்துல ஒரு கையுறையைக் கழட்டவே ஒரு அத்தியாயம் ஆகும்மா. காத்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு அந்த வேகம்தான் சரிப்படும்."

"பேய் எதுக்கு மேடம்?"

"பேய்க்கு விசா வேணாம்ல."

அந்தப் பெண் முதல் பதிலைக் குறித்துக்கொண்டாள். இரண்டாவதை நகைச்சுவை என்று விட்டுவிட்டாள். போகட்டும், படிக்கிற பிள்ளை.

விஷயம் இதுதான். விண்ணரசியின் கணவர் மதலைமுத்து மஸ்கட்டில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். தெருவில் வீட்டுக்கு ஒரு பாஸ்போர்ட் முளைத்துக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போனவர். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால்தான் அவருக்கும் லீவு. அது ஆடியில் வரும். காவிரியில் புதுத்தண்ணீர் வரும்போது அவரும் வருவார். பெட்டியில் வெளிநாட்டுச் சோப்பு வாசம் இருக்கும். இத்தனை வருஷம் ரூமில் நாலு பேரோடு இருந்த பழக்கத்தில், சொந்த வீட்டுக் கதவையே இரண்டு தட்டுத் தட்டுவார். தண்ணீர் நிறைந்து ஓடும்போதே பெட்டியை எடை போட ஆரம்பித்துவிடுவார். சில வருஷம் கம்பெனி லீவு தரவில்லை. அந்த வருஷக் கதைகளில் ஆறு வறண்டு கிடந்தது. அமுதவல்லியோடு சேர்ந்து வாசகிகளும் அழுதார்கள். ஐயோ, என்ன கற்பனை என்று கடிதம் எழுதினார்கள். கற்பனையாவது ஒன்றாவது! மஸ்கட் பள்ளிக்கூடத்து லீவு அட்டவணைதான் அது.

அந்த மதலைமுத்துதான் இப்போது ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். இனி டிரைவர் வேலை உள்ளூர்க்காரர்களுக்குத்தான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். அவர் வந்த வருஷம் பார்த்து மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போச்சு. ஆடியில் ஆற்று மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.

முதல் மாதம் தேனாகப் போனது. வஞ்சிரம், விரால், நண்டு என்று விண்ணரசி லீவுச் சமையல் சமைத்தாள். அவரும் லீவுக்காரர்போலச் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து சாப்பிட்டார். மாதம் முடிந்தது. ஆள் போகவில்லை.

அப்புறம்தான் அவளுக்குத் திக்கென்றது. லீவில் வந்த மனிதனை அவளுக்குத் தெரியும். லீவு முடிந்தும் வீட்டிலேயே இருக்கிற மனிதனை யாருக்குத் தெரியும்? இவர் காலையில் இருமினார். ஓடாத ஃபேனின் சுவிட்சை அணைத்துக்கொண்டே போனார். தினம் ஒரு தடவை, "அரசி, உப்பு எங்கே இருக்கு?" என்று கேட்டார். தினம் அவள் சொன்னாள். கொல்லைக்குப் போய்விட்டு உள்ளே வரும்போதும் கதவை இரண்டு தட்டுத் தட்டினார். "யாரு?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எட்மண்ட் வருவது நின்றுபோனது அவளுக்குப் பெரிய இடி. முன்பெல்லாம் மத்தியானம் கரண்டு போனதும், தெருவில் மிக்ஸி, டிவி எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கும். சாப்பாட்டு மேசைக்கு எதிர் நாற்காலியில் வேப்பமர நிழல் அசையும். அப்போது அவள் பேனாவைத் திறந்தால் போதும், ஈரக் கோட்டு வாசம் வரும். எதிரே அவன் உட்கார்ந்திருப்பான். பேசமாட்டான். காபி டம்ளரை வாயில் வைக்கும் முன் ஒருமுறை முகர்ந்து பார்ப்பான்; அதுவும் மதலைமுத்துவிடம் எடுத்ததுதான். அவள் எழுத எழுத அவன் முகம் தெளிந்துகொண்டே வரும். அந்த இரண்டு மணி நேரத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மகள் லின்சி படிக்கிற காலத்தில்கூட அந்த நேரத்தில் அம்மாவைக் கூப்பிடமாட்டாள்.

இப்போது அந்த நாற்காலியில் மதலைமுத்து உட்கார்ந்திருந்தார். பாவம், நல்ல எண்ணத்தில்தான். கரண்டு இல்லாமல் அவளுக்கு வேர்க்குமே என்று பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.

"எழுது, எழுது. நான் சும்மா விசிறிக்கிட்டு இருக்கேன்."

எங்கே எழுதுவது! அவர் விசிறிய விசிறலில் காகிதம்தான் பறந்தது.

லியாகத் அலி போனில் நச்சரித்தார். "அக்கா, இதோட எட்மண்டை முடிச்சுக்குவோம். எல்லாரும் சீரியலுக்குப் போயிட்டாங்க, புத்தகம் நகரமாட்டேங்குது. நிரந்தரமா உடம்பு குடுத்துக் கல்யாணத்தப் பண்ணி வச்சிருங்க. அதுதானே எல்லாரும் கேக்குறாங்க?"

"பண்ணிருவோம் தம்பி" என்றாள். போனை வைத்தாள். எட்மண்டுக்கு நிரந்தரமாக உடம்பு கிடைத்தால் மறுநாள் காலையில் அவன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் யோசித்ததே இல்லை.

ஒரு சாயங்காலம் அந்தத் தப்பு நடந்தது. ஏழு மணிக்கு வழக்கம்போல் செபமாலை. கரண்டு இல்லை, மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தி எரிந்தது. கடைசியில் வீட்டார் பெயர் சொல்லித் தனிக் கருத்துகளுக்காக வேண்டும் இடம் வந்தது. டப்ளினில் நர்ஸாக இருக்கும் லின்சிக்காக முதலில் வேண்டினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்; இருபது வருஷமாகச் சொல்லிப் பழகியதை வாய் அது பாட்டுக்குச் சொன்னது.

"கடல் கடந்து தனிமையில் உழைக்கிற என் கணவர் மதலைமுத்துவைக் காத்தருளும் தாயே. அவருக்கு நல்ல சுகத்தையும், பத்திரமாய் வீடு வந்து சேரும் பாக்கியத்தையும் தாரும்."

உருக்கமாகத்தான் சொன்னாள். கண்கூட லேசாகக் கலங்கியது.

"ஆமென்" என்று பக்கத்தில் ஓர் ஆண்குரல் கேட்டதும்தான் கண்ணைத் திறந்தாள்.

மதலைமுத்து முழங்காலில் நின்றபடி மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது ஒருவர் சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவர் பாதித் தோசையோடு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று போன் பேசினார். பேசி முடித்து உள்ளே வரும்போது இரண்டு தட்டு.

"காதர் மைதீன்கிட்டப் பேசினேன்" என்றார். காதர் மைதீன் அதிராம்பட்டினத்துக்காரர். மஸ்கட்டில் ஒரே ரூமில் இருந்தவர். இப்போது ஓமானிலேயே சலாலாவில் சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறார். "வண்டி, ஆளு எல்லாத்தையும் பாத்துக்க நம்பிக்கையான ஒருத்தர் வேணுங்கிறான். அடுத்த மாசம் விசா வந்துரும்."

"இந்த வயசுலயா?"

"இங்க இருந்து என்ன செய்யப் போறேன் அரசி? உனக்கும் எழுத்து வேலை ஓடலை."

போகாதீங்க என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு நிம்மதி மூச்சு விட்டதை அவள் கவனிக்காமல் இல்லை. சே, நானும் ஒரு பெண்டாட்டியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அவர் பாஸ்போர்ட் வேலையாக வெளியே போயிருந்தார். கரண்டு போனது. தெரு அடங்கியது. வேப்ப நிழல் நாற்காலியில் வந்து அமர்ந்தது, கூடவே ஈர வாசமும். எட்மண்ட் வந்துவிட்டான்.

எத்தனை நாள் ஆயிற்று! விண்ணரசிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அதே சிவப்புக் கோட்டு, அதே முப்பது வயது முகம். டம்ளரை எடுத்து முகர்ந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் பேனாவை எடுத்தாள். எடுத்தபோது காகிதத்தின்மேல் தன் கையைப் பார்த்தாள். நரம்பு புடைத்து, தோல் சுருங்கிய கை. நிமிர்ந்தால், அவன் பார்வை அந்தக் கையில் இல்லை. முகத்திலும் இல்லை. அவளுக்குப் பின்னால், ஜன்னலோரம் எப்போதோ நின்றிருந்த ஓர் இளம்பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு என்னைத் தெரியுதா?" என்று கேட்டாள்.

அவன் அழகாகச் சிரித்தான். லின்சிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அவள் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துக் கிடந்தது இவனுக்குத் தெரியாது. கர்ப்பப்பை எடுத்த அன்று கையெழுத்துப் போட ஆளில்லாமல் தம்பியை வரவழைத்தது தெரியாது. அவளுக்கு வயதானதே தெரியாது. அதையெல்லாம் சொன்னால் காணாமல் போய்விடுவான் என்றுதானே அவள் ஒரு வரிகூட எழுதவில்லை? நிழல் நகர்ந்தது. நாற்காலியில் மடித்த பேப்பர் ஒன்று கிடந்தது, நேற்று அவர் விசிறியது. அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

புரட்டாசியில்தான் ஒருவழியாகத் தண்ணீர் விட்டார்கள். "கல்லணை திறந்தாச்சு, சாயங்காலம் வடவாத்துக்கு வந்துரும்" என்று தெருவில் சத்தம். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புதுத்தண்ணீர் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. மதலைமுத்து பழைய டிவிஎஸ் வண்டியை எடுத்தார். விண்ணரசி பின்னால் உட்கார்ந்தாள்.

வடவாற்றுப் பாலத்தில் கூட்டம். காவிரித் தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது. சருகு, நுரை, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, மணலில் இருந்த ஒவ்வொரு பள்ளத்தையும் நின்று நிரப்பிவிட்டு நகர்ந்தது. பிள்ளைகள் அதற்கு முன்னால் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

"இப்ப அவனுக்கு உடம்பு வந்திருக்குமே" என்றார் மதலைமுத்து.

விண்ணரசி சட்டென்று திரும்பினாள். "யாருக்கு?"

"உன் லெப்டினன்டுக்கு."

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

"எல்லாத்தையும். பட்டுக்கோட்டைப் பசங்க ஊர்லேருந்து வரும்போது வாங்கிட்டு வருவானுங்க. வெள்ளிக்கிழமை காதர் மைதீன் சத்தமாப் படிப்பான், பத்துப் பேர் உக்காந்து கேப்போம். தண்ணி வடியிற இடம் வந்தா ஒருத்தனும் பேசமாட்டான். எழுதுறது என் வீட்டுக்காரிதான்னு நான் சொல்லலை." அவர் பாலத்துக் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். "டம்ளரை மோந்து பார்ப்பான்னு எழுதியிருந்தியே, அன்னைக்கே தெரிஞ்சு போச்சு, அது நான்தான்னு. பெருமையா இருந்துச்சு அரசி. ஆனா இங்க வந்து பார்த்தா நான் அவன் இல்லை. அவனுக்கு வயசாகலை. அவன் இருமமாட்டான், உப்பு கேக்கமாட்டான். அவனோட போட்டி போட என்னால முடியாது. அதான் கெளம்புறேன்."

இருபது வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. போனில் பேச்சுக்கு நிமிஷக் கணக்கில் காசு. லீவில் பேச்சுக்கு நேரமே கிடையாது.

"நீங்க போகக்கூடாது" என்றாள். சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்; பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். "எனக்கு உங்களை லீவுல மட்டும்தான் தெரியும். மிச்சம் உள்ள ஆளு யாருன்னே தெரியாது. தெரியாம நான் செத்துப்போகக் கூடாது."

"அப்ப அன்னைக்குச் செபத்துல..."

"அது வாய்ப் பழக்கங்க!"

"வாய்ப் பழக்கம் இல்லை." அவர் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். "நீ சரியாத்தான் வேண்டினே. நான் இன்னும் வீடு வந்து சேரலை. என் வீட்டுக் கதவை நானே தட்டிக்கிட்டுத்தானே நிக்கிறேன்?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளியிடத்தில் பிடித்தது அதுதான் முதல் தடவை. தண்ணீர் பாலத்தைத் தாண்டிப் போன பிறகும் இருவரும் நின்றிருந்தார்கள்.

அன்று இரவு காதர் மைதீனுக்குப் போன் போனது. அவர் கோபித்துக்கொண்டார், பிறகு சிரித்தார்.

மறுநாள் மத்தியானம் விண்ணரசி எழுத உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியில் மதலைமுத்து விசிறினார். காகிதம் பறக்காமல் இருக்க அவரே போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து மேலே வைத்தார். அவள் எழுதினாள். காவிரி வடிகிறது, எட்மண்டின் உடம்பு போகவில்லை. அமுதவல்லி கட்டிக்கொண்டு அழுகிறாள். மறுநாள் காலையில் அவனுக்குச் சளி பிடித்திருக்கிறது. இத்தனை வருஷம் ஈரக் கோட்டோடு நின்றவனுக்குச் சளி பிடிக்காதா? கஞ்சிக்கு உப்பு கேட்கிறான். பூட்ஸைக் கண்ட இடத்தில் கழற்றிப் போடுகிறான். அமுதவல்லிக்கு எரிச்சல் வருகிறது; அவளுக்கே அது புதிதாக இருக்கிறது. எரிச்சல்பட அவளுக்கு இதுவரை நேரம் இருந்ததில்லையே!

லியாகத் அலி போனில் அலறினார். "அக்கா, லெப்டினன்டுக்கு மூக்கு ஒழுகுது! அட்டையில என்னத்தப் போடுறது?"

"கைக்குட்டை போடுங்க தம்பி."

"வாசகிங்க அடிக்க வருவாங்க."

"வரட்டும். ஒரு எழுத்து மாத்தமாட்டேன்."

மாற்றவில்லை. புத்தகம் வந்தது. திட்டித்தான் நிறையப் போன் வந்தது. அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு பெண் மட்டும் பேச ஆரம்பித்து, பேச முடியாமல் சிரித்து, சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியாமல் போனை வைத்தாள். அவள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து வந்து மூன்று மாதமாம்.

செபமாலையில் அந்த வரியை விண்ணரசி விட்டுவிடவில்லை. கொஞ்சம் மாற்றிக்கொண்டாள். "வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிற என் கணவர் மதலைமுத்துவைக் காத்தருளும்" என்று சொல்வாள். பக்கத்திலிருந்து அவர் ஆமென் சொல்வார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. இருவரும் செவ்வந்தி மாலையும் ஊதுபத்தியும் வாங்கிக்கொண்டு போய், அவருடைய அப்பா அம்மா கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பங்குச் சாமியார் தண்ணீர் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். இருட்டத் தொடங்கியதும் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சம். விண்ணரசி கிளம்பலாம் என்று பார்த்தால் பக்கத்தில் அவரைக் காணோம்.

தோட்டத்து நடுவில் பெரிய சிலுவை இருக்கிறது. நினைக்க ஆளில்லாத ஆன்மாக்களுக்காக அதன் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம். அங்கே மதலைமுத்து குந்தி உட்கார்ந்து, காற்றுக்குக் கையால் மறைத்தபடி ஒரு மெழுகுவர்த்தியை நட்டுக்கொண்டிருந்தார்.

"அது யாருக்கு?" என்று கேட்டாள்.

"அந்தப் பையனுக்குத்தான். எட்மண்டுக்கு."

"அவனைத்தான் நான் சாகவிடலையே. உடம்பு குடுத்து உக்கார வச்சிட்டேனே."

"நீ உக்கார வச்சது என்னை." திரி பற்றிக்கொண்டது. அவர் முழங்காலைப் பிடித்து எழுந்தார். "அவன் போயிட்டான் அரசி. இருபது வருஷம் எனக்குப் பதிலா இந்த வீட்டுல வேலை பார்த்தவன். ஒரு மெழுகுவர்த்தியாவது ஏத்த வேணாமா?"